குழாயில் கேட்காத தந்தி

சென்னை,
18-1-1986

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் திரௌபதி வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். மழைக்காலத்தில் பெரியப்பாவுக்கு வந்த இருமல் விட்டதா? பெரியம்மா, நீங்கள்தான் அவருக்கு இதைப் படித்துக் காட்டப்போகிறீர்கள். இருமலுக்கு மட்டும் அவரைக் கேட்காமல் நீங்களே பதில் எழுதுங்கள்.

தனிப் பார்சலில் ஒரு கேசட் வருகிறது. பெயர் ‘தண்ணி லாரி’. டெலிபோன் ஆபீசில் என்னோடு வேலை செய்கிற மூர்த்தி, அவருடைய சிநேகிதர்கள் இருவர், நான், நாலு பேரும் சேர்ந்து போட்டது. சினிமாப் பாட்டு இல்லை, பக்திப் பாட்டும் இல்லை. வரிகள், மெட்டு எல்லாம் எங்களுடையவை. பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. கடை கடையாக ஏறி இறங்கி நாங்களே கொடுத்துவிட்டு வருகிறோம்.

மூன்று பத்திரிகைகளில் விமர்சனம் வந்திருக்கிறது. நறுக்கி இதோடு வைத்திருக்கிறேன். ஒருவர், “கச்சேரிக்கும் சேராமல் சினிமாவுக்கும் சேராமல் நடுரோட்டில் நிற்கிற பாட்டு” என்கிறார். இன்னொருவர், “கிட்டாரைத் தூக்கியவர்களெல்லாம் புதுமை செய்துவிட்டதாக நினைக்கிறார்கள், பெண்ணின் குரல் மட்டும் பரவாயில்லை” என்கிறார். மூன்றாமவர் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் கேசட்டில் இல்லாத வயலினைப் பாராட்டியிருக்கிறார்.

இவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடுவேன். ஆனால் அப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டார். பொங்கலுக்குக் கீழ்பென்னாத்தூர் போனபோது, “பேப்பர்ல எழுதறவன் ஆளுக்கொண்ணு சொல்றான். எங்கண்ணன் கேக்கட்டும். அது நல்லா இருக்குதுன்னா பாடு. இல்லன்னா இத்தோட வுட்டுட்டு, திருவண்ணாமலைக்கு மாத்தல் வாங்கினு வந்து நான் பாக்கற மாப்பிள்ளையக் கட்டிக்கோ” என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். நம் குடும்பத்தில் பாட்டு என்றால் உங்கள் காதுதானே.

கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். பனியில் தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள் மகள்,
திரௌபதி


பேகோபுரத் தெரு,
திருவண்ணாமலை,
30-1-1986

கண்ணு திரௌபதிக்கு, பெரியப்பா ஆதிமூலம் சொல்லச் சொல்லப் பெரியம்மா உண்ணாமலை எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இருவரும் திடமாக இருக்கிறோம். இருமல் அன்றைக்கே போய்விட்டது. (போகவில்லை. – உ.)

கேசட் வந்தது. இன்னும் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு நம் மைக் செட் மொத்தமும் வாடகைக்கு வெளியூர் போயிருந்தது. ஆனால் நறுக்குகளை உன் பெரியம்மா படிக்கக் கேட்டேன். முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நடுரோட்டில் நிற்கிற பாட்டு என்று எழுதினவரிடம் போய்ச் சொல்: எங்கள் பெரியப்பா இத்தனை வருஷமாகப் பாட்டை நடுரோட்டில்தான் நிறுத்தி வைத்திருக்கிறார், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அது அங்கேதான் நின்றிருக்கிறது, ஒரு பாட்டையும் லாரி அடித்ததில்லை என்று. கிட்டாரைத் தூக்கியவர்கள் என்று எழுதினவர் பேனாவைத் தூக்கியிருக்கிறாரே, அதை யாராவது கேட்டோமா? இல்லாத வயலினைக் கேட்டவருக்கு மட்டும் நான் பதில் சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு இடத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

எனக்கு எழுத்து ஏறவில்லை. ஆனால் ஒருமுறை காதில் விழுந்த பாட்டு இறங்கினதில்லை. இசைத்தட்டின் மேல் என்ன போட்டிருக்கிறது என்று படிக்காமலே, ஊசி வைத்த மாத்திரத்தில் கேட்கிற கீறலை வைத்து எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவேன். உன் அத்தை கல்யாணத்தில் கரண்ட் போனதே, அப்போது எந்தப் பாட்டு, எந்த அடி, எந்தச் சொல்லில் அறுந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் பாடிக் காட்டுவேன். (காட்டுகிறார். – உ.)

புதுப் பாட்டை வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. வாசல் வேப்பமரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கிறது. அதில் விடுவேன். தெருவில் போகிறவர் ஒருத்தராவது நின்று, “எந்தப் படம்?” என்று கேட்டால் அது பாட்டு. கேட்காவிட்டால் அது சத்தம். உன்னுடையதையும் அப்படித்தான் விடுவேன். தைரியமாக இரு.

வேளைக்குச் சாப்பிடு. ஆபீஸ் காபியைக் குறைத்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
பெரியப்பா


திருவண்ணாமலை,
16-2-1986

திரௌபதிக்குப் பெரியப்பாவின் ஆசி. நாங்கள் நலம். உன் நலத்துக்கு நேற்று அம்மன் சந்நிதியில் உன் பெரியம்மா விளக்கேற்றினாள்.

கேசட்டை விட்டேன். காலையில் டீக்கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, இரண்டு பக்கத்தையும் முழுக்க விட்டேன். கூட்டிச் சொல்லாதே என்றாய். கூட்டவில்லை.

உன் குரல் சுத்தம். அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் அம்மா, உன் பாட்டுக்குத் தரையே இல்லை. கூரையும் சுவரும் இல்லாத வீட்டில் நின்றுகொண்டு தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி நீ பாட்டுக்குப் பாடிக்கொண்டு போகிறாய். மூன்றாவது பாட்டில், ‘காலிக் குடம்’ என்று ஓர் இடத்தில் நிறுத்துகிறாய். அதற்கப்புறம் அடுத்த அடி வருகிறவரை ஒன்றுமே இல்லை. குழாயில் கொர்ரென்று காற்றுதான் வந்தது. எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த சகாதேவன், “இன்னா மாமா, கரண்ட் போயிடுச்சா?” என்று கத்தினான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எந்தப் படம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த மூன்று பேரும் சொன்னதால் நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது வேறு. நான் சொல்வது, நாலு பேர் வாசித்த பாட்டில் மூன்று பேர் சத்தம்தான் கேட்கிறது என்பது. இதையே உன் அப்பன் வேணுவுக்கும் எழுதிவிட்டேன். கேட்டதைக் கேட்டபடி சொல்லாவிட்டால் என் காதுக்கு மரியாதை இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பெரியப்பா

(எழுதினது நான். ஓர் எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. – உ.)


சென்னை,
20-3-1986

பெரியப்பா, பெரியம்மாவுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். வெயில் தொடங்கிவிட்டது.

உங்கள் கடிதம் வந்தது. அப்பாவும் எழுதியிருந்தார். மாற்றலுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். போளூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறதாம், சித்திரையில் பார்க்க வருகிறார்கள்.

கேசட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

பெரியம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

திரௌபதி


திருவண்ணாமலை,
12-4-1986

திரௌபதிக்குப் பெரியப்பா எழுதச் சொல்வது. இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. அங்கே உனக்கு எப்படி?

உன் கடிதத்தைப் பெரியம்மா படித்தாள். முடித்துவிட்டாள். “மீதி?” என்றேன். “அவ்வளவுதான்” என்றாள். பாட்டைப் பற்றி நான் அத்தனை சொன்னதற்கு நீ ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இதுவா உன் வழக்கம்? ஆறாவது படிக்கும்போது ஆடித் திருவிழாவில் மேடை ஏறிப் பாடினவரைப் பார்த்து, “மாமா, ரெண்டாவது அடிய முழுங்கிட்டீங்க” என்று மைக்கில் விழுகிற மாதிரி சொன்னவள்தானே நீ? அவர் சுருட்டை முடி, பச்சைச் சட்டை, இடது கையில் கடிகாரம். எனக்கு மறக்குமா? அந்த வாய் எங்கே போயிற்று?

நான் சொன்னது தப்பு என்றால் தப்பு என்று எழுது. சண்டை போடு. பேசாமல் இருக்காதே.

பதில் போடு. வெயிலில் மோர் குடி.

பெரியப்பா

(சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ அல்ல, இவர். – உ.)


திருவண்ணாமலை,
10-6-1986

திரௌபதிக்குப் பெரியப்பா. நலமா என்று பிறகு கேட்கிறேன். முதலில் ஒரு நியாயம் கேட்க வேண்டும்.

டேப்புக்கு பெல்ட் வாங்கச் செங்கம் ரோட்டில் சாந்த் பாஷா கடைக்குப் போயிருந்தேன். கேசட்டுக்குப் பாட்டு ஏற்றித் தருகிற கடை, உனக்கும் தெரியும். உள்ளே உன் குரல் கேட்டது. அதே பாட்டு, மூன்றாவது. ‘காலிக் குடம்’ என்று நிறுத்தினாய். இப்போது ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும், நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது.

வறண்ட கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, தடியான ஒரு தந்தி கீழே கீழே கீழே போயிற்று. பாஷா கடைக் கண்ணாடி அலமாரி நடுங்கிற்று. அடியைத் தொட்டதும் ஒரு நொடி நின்றது. பிறகு நீ அடுத்த அடியை எடுத்தாய். பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“பாய், எங்கருந்து வந்துச்சு இந்தக் கேசட்டு?” என்றேன்.

“காப்பி போடக் குடுத்தாங்க அண்ணே.”

“யாரு?”

“கஸ்டமரு அண்ணே. எல்லார் பேரையும் கேட்டுக்கினா இருப்பேன்?”

திரௌபதி, எனக்கு அனுப்பினது ஒன்று, கடைக்குப் போட்டது வேறொன்றா? இல்லை, நான் எழுதினதைப் பார்த்துவிட்டு அந்தத் தந்தியைப் புதிதாகச் சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? கேட்டதை நான் மறந்ததில்லை. மரத்துக் குழாயில் நான் கேட்டதில் அந்தத் தந்தி இல்லை. சத்தியமாக இல்லை.

உடனே பதில் வேண்டும். நலமா?

பெரியப்பா


சென்னை,
20-6-1986

பெரியப்பாவுக்கு வணக்கம். நலம்தான். உங்கள் குரல் காகிதத்துக்கு வெளியே கேட்கிறது, அதனால் நீங்களும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே கேசட்தான் பெரியப்பா. ஒரே நாளில் பதிவு செய்தது. நாங்கள் எதையும் மாற்றவில்லை.

அந்தத் தந்தி முதலிலிருந்தே இருக்கிறது, எல்லாப் பாட்டிலும். அதை பேஸ் கிட்டார் என்பார்கள், மூர்த்தி வாசிப்பது. ‘காலிக் குடம்’ என்ற இடத்தில் நான் நிறுத்துவதே அவர் வாசிப்பதற்காகத்தான். மூன்று விமர்சகர்களும் அதைச் சொல்லவில்லை. போன மாதம் பெங்களூரிலிருந்து வருகிற ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் மட்டும், “இந்தப் பெண்ணின் குரலைக் கையில் ஏந்தி நடப்பது அந்தக் கனத்த தந்திதான்” என்று எழுதியிருந்தார்கள்.

குழாயில் அது வராது. நான் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் அதில்தான் விடுவீர்கள் என்று எழுதியும் இருந்தீர்கள், எனக்குத் தோன்றவில்லை.

போளூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதாம். ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். மாற்றலும் அதற்குள் வந்துவிடும் போலிருக்கிறது.

பெரியம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்புகிறேன்.

திரௌபதி


திருவண்ணாமலை,
28-6-1986

செல்ல மகள் திரௌபதிக்கு, பெரியம்மா உண்ணாமலை தானாக எழுதுவது. என் முட்டியை விடு, அது என்றைக்கும் உள்ளது. நீ ராவில் தூங்குகிறாயா?

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன் பெரியப்பா உடனே எழுந்தார். ஏணியை எடுத்துக்கொண்டு போய் மரத்திலிருந்து குழாயை இறக்கினார். மடியில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு பாஷா கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

போனதும், “பாய், என் குழாய்ல ஏன்யா அந்தத் தந்தி கேக்கல?” என்றார்.

பாஷா சிரித்தார். “அண்ணே, உங்க குழாய்க்குத் தொண்டை மட்டும்தான் இருக்குது. வயிறு கிடையாது. அடிச் சத்தத்துக்கு வயிறு வேணும். ஸ்பீக்கர் பொட்டியில போட்டாத்தான் வரும்.”

“இத்தினி வருஷமா ஏன்யா சொல்லல?”

“இத்தினி வருஷமா யாரையாவது பேச வுட்டீங்களா அண்ணே?”

அதற்கும் அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டார். பாஷா பிரியாணி வரவழைத்தார். அதையும் சாப்பிடாமல் கேட்டார். திரும்பி வரும்போது, “அந்தத் தடித் தந்திக்காரன் எப்படிப்பட்ட ஆளுடி?” என்றார். “எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். அவன் பெயரை நீ எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய், எத்தனை இடத்தில் எழுதாமல் விட்டிருக்கிறாய் என்று உன் கடிதங்களைப் படிக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் அதை நீதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கஸ்டமர் நான்தான். கூடத்தில் இருக்கிற சின்ன டேப்பில் போட்டுக் கேட்பேன். எனக்குப் பிடித்திருந்தது. திருப்பி அனுப்ப வேண்டாம் என்று நீ எழுதினதும் பயமாகிவிட்டது, இது தேய்ந்துபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லையே, அதனால் எழுதவில்லை.

இன்று காலை பாஷாவின் இரண்டு பெட்டிகளையும் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போயிருக்கிறார். மீதியை அவரே எழுதுவார்.

தலைக்கு எண்ணெய் வை.

பெரியம்மா


திருவண்ணாமலை,
15-7-1986

திரௌபதிக்குப் பெரியப்பாவின் ஆசி. எல்லாரும் நலம். உன் அப்பனும் ஆத்தாவும் நலம், நேரில் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் தப்பாகக் கேட்டேன் என்று எழுதப்போகிறேன் என்று நினைக்காதே. என் காதுக்கு வந்ததை நான் சரியாகத்தான் கேட்டேன். நாலில் மூன்று பேர் சத்தம்தான் கேட்கிறது என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா? நாலாவது ஆளைக் குழாய் வெளியே நிறுத்திவிட்டது. அவன் உள்ளே வந்தபிறகு இப்போது சொல்கிறேன்: பாட்டுக்குத் தரை இருக்கிறது. நல்ல கருங்கல் தரை. அந்த மூன்று விமர்சகர்களும் எந்தக் குழாயில் கேட்டார்களோ, எனக்குத் தெரியாது.

உன் அப்பன் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளை வைத்தேன். வேணு பார்த்துவிட்டு, “அண்ணே, எனக்கு இதுல இன்னா தெரியும்? அப்போ நல்லால்லன்ன, சரின்னேன். இப்போ நல்லா இருக்குதுன்ற, சரின்றேன்” என்று மாட்டுக்குத் தண்ணி காட்டக் கிளம்பினான். எனக்குச் சுருக்கென்றது. என் பேச்சை இவன் எடைபோட்டுத்தான் கேட்கிறான் என்று நினைத்திருந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். “டேய் வேணு, என் மூஞ்சியப் பாக்காத. பொட்டியப் பாரு. கேளு.”

கேட்டான். முதல் பாட்டில் கொட்டாவி விட்டான். இரண்டாவதில் தண்ணி லாரிக்காரன் வரியில் சிரித்தான். மூன்றாவதில் ‘காலிக் குடம்’ வந்தது. தந்தி இறங்கினபோது உன் ஆத்தா பச்சையம்மாள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். பாட்டு முடிந்ததும், “யாரு அது, எம்பொண்ணு கூடவே வர்றது?” என்றாள்.

வேணு என்னைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். “போளூருக்கு ஆள் அனுப்பி இப்ப வேணாம்னு சொல்லிடறேன்” என்றான். “பாடட்டும். மாத்தலும் வேணாம்.”

பச்சையம்மாள் கேட்டதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

வரும்போது கண்டக்டர் பெட்டிகளைக் கீழே எறியப் பார்த்தான். இரண்டு நல்ல வார்த்தை சொன்னேன். (நல்ல வார்த்தை இல்லை. – உ.)

பெரியப்பா


சென்னை,
4-10-1986

பெரியப்பா, பெரியம்மாவுக்கு அன்பு வணக்கம். உடம்பு, மனசு எல்லாம் நன்றாக இருக்கிறது. இத்தனை நாள் கழித்து எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம்.

இரண்டாவது கேசட் முடிந்தது. பெயர் ‘எக்ஸ்டென்ஷன்’. உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் தரை இல்லை என்று எழுதினபிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. மாற்றல் விண்ணப்பம் கொடுத்த அன்று சாயங்காலமும் ஒத்திகைக்குப் போனேன். பாடினேன். அப்பாவிடம் சரி என்று சொன்னது என் வாய்தான், அது உண்மை. நிறுத்த முடியவில்லை, அதுவும் உண்மை.

விமர்சனங்கள் வரத் தொடங்கிவிட்டன. நடுரோட்டுக்காரர் இந்த முறை, “முந்தைய கேசட்டின் இயல்பு இதில் இல்லை” என்று வருத்தப்பட்டிருக்கிறார்! முந்தையதில் என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லை. உங்களுக்கு இருக்கும்.

கடைசிப் பாட்டை மட்டும் உங்கள் மரத்துக் குழாய்க்காகச் செய்திருக்கிறோம். கிட்டாரின் அடிச் சத்தம் குழாயில் வராது அல்லவா? ஆகவே அந்தத் தந்தி போகிற வழியை மூர்த்தி வாயால் பாடியிருக்கிறார். அவர் இதற்குமுன் பாடினதே இல்லை. ஆபீசில்கூடச் சத்தமாகப் பேச மாட்டார். மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிப் பாடினார். விமர்சகர்கள் கேட்டால் அடிப்பார்கள். அதை நீங்கள் குழாயில் விட வேண்டும்.

அம்மாவுக்குப் பதில் எழுதிவிட்டேன்.

திரௌபதி


திருவண்ணாமலை,
20-12-1986

மகள் திரௌபதிக்கு, பெரியப்பா சொல்ல, பெரியம்மா எழுதுவது. தீபம் நல்லபடியாக முடிந்தது. மலைமேல் கொப்பரை இன்னும் எரிகிறது. கால் வலி தவிர ஒன்றுமில்லை.

உன் கேசட்டை முதலில் பாஷா கடையில் பெட்டியில் கேட்டேன். அதைப் பற்றி விவரமாகத் தனியே எழுதுகிறேன், ஏழு குறை இருக்கிறது. நடுரோட்டுக்காரருக்கும் பதில் இருக்கிறது. போன முறை அவர் எழுதினதை வரி பிசகாமல் உன் பெரியம்மாவிடம் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன். அவருக்கே தபாலில் அனுப்பு.

பிறகு குழாயைத் திரும்ப மரத்தில் ஏற்றினேன். தீபத்துக்குக் கூட்டம் வந்து குவிந்த சமயம், கடைசிப் பாட்டை விட்டேன். நீ பாடினாய். நீ நிறுத்தினாய். இந்த வயதில் இது தேவையா என்று நினைத்தேன்.

அவன் வந்தான். கரகரவென்று, கூச்சத்தோடு, ஆனால் வந்தான். குழாயில் நின்றான்.

முதல் தடவை யாரும் திரும்பவில்லை. கிரிவலக் கூட்டம் தன்பாட்டுக்குப் போயிற்று. சகாதேவன் டீ ஆற்றினான். திருப்பி விட்டேன். மறுபடியும் விட்டேன். “மாமா, ஊசி மாட்டிக்கிச்சா?” என்றான் சகாதேவன். “கேசட்டுக்கு ஏதுடா ஊசி?” என்றேன். இன்னொரு தடவை விட்டேன்.

மல்லாட்டை வறுத்து விற்கிற அம்மா ஒருத்தி, தலையில் கூடையோடு மரத்தடியில் நின்றுவிட்டாள். அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். பாட்டு முடிகிறவரை கூடையை இறக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“இன்னா படம் இது?”

எத்தனை பேருக்கு எத்தனை படத்தின் பெயர் சொல்லியிருக்கிறேன்!

“படமில்லம்மா. பாட்டு” என்றேன்.

“பாட்டா?” என்றாள். “சரி. இன்னொருவாட்டி போடு.”

பொங்கலுக்கு வரும்போது நறுக்கின பேப்பர் எதுவும் கொண்டு வராதே. அவனைக் கூட்டிக்கொண்டு வா. இரண்டாவது அடியில் சுருதி இறங்குகிறான். நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா

(இருமல் விட்டுவிட்டது. இந்த முறை நிஜமாகவே. – உ.)